பச்சரிசி தின்றால் மழை

அம்மாவின் கல்யாணத்தன்று கோவில்பட்டியில் நல்ல மழையாம். பந்தல் ஒழுகி, சாம்பார் அண்டாவில் மழைத்தண்ணி விழுந்து, மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சகதியில் நின்றார்களாம். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா இவ" என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு பிடி வாய்க்குள் போகும். டிவி பார்க்கும்போது முந்தானையில் கொஞ்சம் முடிந்து வைத்திருப்பாள். கறுக், கறுக் என்று அந்தச் சத்தம் எங்கள் வீட்டின் சத்தங்களில் ஒன்று, கிரைண்டர் மாதிரி, கொடிக்கம்பி மாதிரி. நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். அப்பா "ரேஷன் அரிசில பாதி இவ வாய்க்கே போகுது" என்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

2019-இல் எனக்கு மகள் பிறந்தபோது அம்மா பூனாவுக்கு வந்தாள். மூன்றாவது மாடி வீடு. ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல எய்யா, கொஞ்சம் களைப்பு. நீ மேல போ, வாரேன்." அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது 12 இருக்க வேண்டும். டாக்டரம்மா அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன்: "மண்ணு, சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி… இந்த மாதிரி ஏதாவது திங்கத் தோணுமா?"

நான் கேள்வியை முடிக்கும்முன்பே அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அது ஒரு நோய்க்குறி. இரும்புச்சத்து குறைந்த உடம்புக்குச் சில சமயம் உணவல்லாத, அல்லது சமைக்காத பொருள்கள் மேல் அடக்க முடியாத ஆசை வரும். ஏன் வருகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆனால் இரும்பு ஏறியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆசை போய்விடும். முப்பது வருடமாக அம்மாவின் உடம்பு கறுக் கறுக் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அதற்கு ஒரு மழைக் கதை வைத்திருந்தோம்.

காரணம் சாப்பாடு மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டிகள் தெரிந்தன. பல வருடமாக மாதந்தோறும் அதிகமாக உதிரம் போயிருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. "இதெல்லாம் போய் ஒங்கிட்டயா சொல்ல முடியும்?" போகிற கணக்கு அது. வருகிற கணக்கில் என்ன இருந்தது என்று பார்த்தால் அரிசி, ரசம், மோர், தேங்காய்த் துவையல். சாப்பிட்டதும் ஒரு டம்ளர் டீ.

*

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் என் தொழில் புத்தியில் அம்மாவின் போனில் இரவு எட்டு மணிக்கு அலாரம் வைத்தேன். தினமும் எட்டு மணிக்கு அது அடிக்கும், அம்மா அணைப்பாள். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தால் 7.6. அன்று ராத்திரி அவளுடைய மஞ்சள் பையில் மூன்று அட்டை மாத்திரை கிடைத்தது, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் மனைவியிடம் சொன்னாளாம். முதல் நாலு நாள் போட்டிருக்கிறாள். வயிற்றைப் புரட்டியது, மலம் கறுப்பாகப் போனது, பயந்துவிட்டாள். பிறகு மலச்சிக்கல். மருமகள் வீட்டில், ஒரே ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில், அரைமணி நேரம் உள்ளே உட்கார அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். என்னுடைய அலாரத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

இந்தியாவில் ரத்தசோகைக்கு எதிராக இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு கழித்து, 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். மாத்திரை வேலை செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. போட்டால் வேலை செய்யும். அந்தப் 'போட்டால்' என்ற சொல்லுக்குள்தான் அம்மாவின் மஞ்சள் பை இருக்கிறது.

மென்பொருளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். நாங்கள் ஒருமுறை ஒரு செயலியில் தானாக பேக்கப் எடுக்கும் வசதியைக் கொண்டுவந்தோம். செட்டிங்ஸில் போய் 'ஆன்' செய்ய வேண்டும். பாப்-அப் காட்டினோம், மெயில் அனுப்பினோம். நூற்றுக்கு நாலு பேர்கூடச் செய்யவில்லை. அடுத்த வெளியீட்டில் அதையே டீஃபால்ட் ஆக்கினோம். எல்லோருக்கும் கிடைத்தது, அப்படி ஒன்று நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

மாத்திரை என்பது பாப்-அப். தினமும் வரும், தினமும் மூடப்படும். சோற்றிலேயே இரும்பு இருந்தால்?

*

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அந்த வருடம் ராத்திரிகளில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தேன். இதற்கு ஒரு துறையே இருக்கிறது. தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் விதையிலேயே கூட்டுவது. ஹோவர்த் பூயிஸ் என்ற பொருளாதார நிபுணர் 1990-களிலிருந்து இதற்காகப் பேசி, ஹார்வெஸ்ட்பிளஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2016-இல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

என்னை முதலில் உட்கார வைத்தது இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம். 1843-இலிருந்து அங்கே ஒரே வயலில் கோதுமை விதைத்து, ஒவ்வொரு வருட விளைச்சலிலும் கொஞ்சம் தானியத்தை எடுத்துப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். 2008-இல் அந்தப் பழைய தானியங்களை எல்லாம் அளந்து பார்த்தார்கள். 1845-இலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை துத்தநாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அதன்பின் சரிகிறது. குட்டை ரகக் கோதுமை வந்த காலம் அது. மண்ணில் இந்தச் சத்துகள் குறையவில்லை. தானியம் மட்டும் மாறியிருக்கிறது. விளைச்சல் கூடியதும் அதே அளவு தாது அதிக மாவுச்சத்தில் பிரிந்து, நீர்த்துப் போயிருக்கிறது.

யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்று பசி இருந்தது, எடை வேண்டியிருந்தது. விதை தேர்ந்தெடுத்தவர்கள் தராசில் எது தெரிந்ததோ அதைக் கூட்டினார்கள். எங்கள் டீமிலும் எதை டாஷ்போர்டில் வைக்கிறோமோ அதுதான் மேலே ஏறும். வைக்காதது சத்தமில்லாமல் கீழே போகும், ஒரு அலாரமும் அடிக்காது.

காட்டுக் கோதுமையின் கதை இன்னும் விசேஷம். அதில் ஒரு ஜீன் உண்டு. தானியம் முற்றும் காலத்தில் இலையைச் சீக்கிரம் பழுக்கச் செய்யும். இலை சாகும்போது தன்னிடமிருந்த நைட்ரஜனையும் இரும்பையும் துத்தநாகத்தையும் அவிழ்த்துக் கதிருக்கு அனுப்பும். 2006-இல் இதைக் கண்டுபிடித்தவர்கள், நாம் பயிரிடும் கோதுமைகளைப் பார்த்தபோது பெரும்பாலும் அந்த ஜீன் வேலை செய்யாத நிலையில் இருந்தது. சிலவற்றில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்து முழு வாசகத்தையும் குலைத்திருந்தது. சிலவற்றில் ஜீனே இல்லை. ஒரு எழுத்துப் பிழைக்காக ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்திருக்கிறவன் நான். எத்தனையோ தலைமுறைகளாக யாருமே கவனிக்காத ஒரு எழுத்துப் பிழை ரொட்டிக்குள் இருந்தது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு, பக்கத்து அறையில் அம்மா இருமுவது கேட்டது.

*

எங்கள் பூனா வீட்டில் சமையலுக்கு ஒரு மாவ்ஷி வருவார். அகமத்நகர்ப் பக்கத்து ஊர்க்காரர். பேச்சுத்துணை இல்லாமல் அம்மாவும், தமிழ் தெரியாமல் அவரும், கையைக் காலைக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் ஒருநாள் மாவ்ஷி தன் வீட்டிலிருந்து மாவு கொண்டுவந்து, உள்ளங்கையில் தட்டிப் பாக்ரி சுட்டார். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். பிறகு மாவை எடுத்து மோந்து பார்த்தாள்.

"எய்யா, இது நம்ம கம்மம்புல்லுலா!"

அம்மா ஊரில், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கம்மஞ்சோறுதான். பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான் நெல்லுச்சோறு. ரேஷனில் அரிசி தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கம்பு மெல்ல மெல்ல வீட்டை விட்டுப் போனது. நான் கம்பைப் பார்த்ததே ஆடி மாதம் கூழ் ஊற்றும்போதுதான்.

நான் உற்சாகமாகிவிட்டேன். ஏனென்றால் நான் படித்துக்கொண்டிருந்த கதையின் நடுவிலேயே கம்பு இருந்தது, அதுவும் மகாராஷ்டிரத்தில். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் பல கம்பு ரகங்களில் இரும்பை அளந்தபோது, இரும்பு அதிகமாக இருந்தவற்றில் பலவற்றுக்கும் ஒரே பூர்வீகம் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ, கானா, பெனின் பகுதியில் விளையும் 'இனியாடி' என்ற பெருமணிக் கம்பு. அந்த வழியில் வந்த ஒரு ரகம் 1988-இலிருந்தே மகாராஷ்டிர விவசாயிகள் கையில் இருந்தது. அதே ரகத்துக்குள்ளேயே செடிக்குச் செடி இரும்பு வேறுபடுவதைப் பார்த்து, அதிகம் உள்ளவற்றைப் பொறுக்கி ஒன்றுசேர்த்து உண்டாக்கியதுதான் 'தனசக்தி'. 2012-இல் மகாராஷ்டிரத்தில் வெளியானது. வழக்கமான கம்பில் கிலோவுக்கு சுமார் 47 மில்லிகிராம் இரும்பு என்றால் இதில் 71. வேற்று உயிரின் ஜீன் எதுவும் நுழைக்கவில்லை. பொறுக்கினார்கள், அவ்வளவுதான்.

அளப்பதே ஒரு சங்கடமான வேலை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. களத்து மண்ணிலேயே இரும்பு இருக்கிறது. கதிரடிக்கும் எந்திரமும் இரும்பு. தானியத்தில் ஒட்டிய தூசி, சாதாரண ரகத்தையும் சத்து ரகமாகக் காட்டிவிடும். அதனால் கூடவே அலுமினியத்தையும் அளக்கிறார்கள். தானியத்துக்குள் அலுமினியம் அநேகமாக இருக்காது. அலுமினியம் தெரிந்தால் அது மண், அந்த இரும்புக் கணக்கை நம்பக்கூடாது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில், மகாராஷ்டிரத்தில் 12 முதல் 16 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கம்பில் பாக்ரி செய்து கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சாதாரணக் கம்பு. நாலு மாதத்தில் சத்துக்கம்பு சாப்பிட்டவர்களின் உடலில் இரும்புக் கையிருப்பு கூடியிருந்தது. தொடக்கத்தில் இரும்புக் குறைபாடு இருந்தவர்களில், ஆறு மாதத்தில் குறைபாடு நீங்கும் வாய்ப்பு இவர்களுக்கு 64 சதவீதம் அதிகம். அந்தப் பிள்ளைகள் யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "பாத்தியா? நீங்க கம்மஞ்சோற விட்டிருக்கவே கூடாது. அதுல எவ்வளவு இரும்பு தெரியுமா?"

அம்மா மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "நீ என்னைக்காவது கம்மம்புல்லு இடிச்சிருக்கியா?"

நான் பேசவில்லை.

"விடியங்காட்டி நாலு மணிக்கு எந்திரிச்சு, தண்ணி தெளிச்சு, தொலி போக இடிச்சு, பொடைச்சு, திரும்ப இடிக்கணும். ஒரு வீட்டுக்கு. கை ரெண்டும் காய்ச்சுப் போவும். ஒங்க ஆச்சி எட்டு மாசத்துலயும் இடிச்சா. அதுல இருக்கிற ரத்தத்தை அந்த ஒரலே குடிச்சிரும்யா."

*

அதன்பிறகு சிறுதானியப் பெருமை பேசுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த உரல் ஞாபகம் வருகிறது. அம்மா தலைமுறைக்கு அரிசி ஒரு விடுதலை. அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்று சொல்ல நான் யார்? இப்போது மில் இருக்கிறது, உரல் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம், சில நாளிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். அடிக்கடி அரைக்க வேண்டும். அந்த 'அடிக்கடி' யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் 200 கிராம் சத்துக்கம்பு சாப்பிட்டால் 14 மில்லிகிராம் இரும்பு. சாதாரணக் கம்பில் 9. பாலீஷ் போட்ட அரிசியில் கிலோவுக்கே சில மில்லிகிராம்தான். பெண்களுக்கு ஒருநாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஆக, இந்தக் கம்பு கிட்டத்தட்டப் பாதித் தேவை. அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சமே. தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனந்த பிரசாத் என்ற பீகாரில் பிறந்த மருத்துவர் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் ஓர் இளைஞனைப் பார்த்தார். வயது 21, தோற்றம் பத்து வயதுச் சிறுவன். கடுமையான ரத்தசோகை. கோதுமை ரொட்டிதான் முக்கிய உணவு, கூடவே களிமண் தின்னும் பழக்கம். மனிதர்களுக்கும் துத்தநாகக் குறைபாடு வரும் என்று உலகம் தெரிந்துகொண்டது அங்கிருந்துதான். அவன் வயிறு நிறைய ரொட்டி இருந்தது. ரொட்டிக்குள் துத்தநாகமும் இருந்தது. பைட்டேட் அதை விடவில்லை.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. கம்மஞ்சோற்றை உருண்டை பிடித்து ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் புளித்ததை மோரில் கரைத்துக் குடிப்பார்கள். ஊறுவதும் புளிப்பதும் பைட்டேட்டை ஓரளவு உடைக்கும். அதே நேரம் சாப்பிட்டதும் குடிக்கிற டீ, கிடைத்த கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது.

இன்னொரு சிக்கல். இரும்பு கண்ணுக்குத் தெரியாது. தனசக்தியையும் சாதாரணக் கம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. சந்தையில் கூடுதல் விலை கிடைக்காது. அப்படியானால் விவசாயி ஏன் விதைக்க வேண்டும்? விளைச்சல் நன்றாக இருந்தால் விதைப்பார். சத்து அந்த விளைச்சலோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். துருக்கியில் மத்திய அனத்தோலியா மண்ணில் துத்தநாகம் மிகக் குறைவு. 1990-களில் அங்கே உரத்தோடு துத்தநாகம் கலந்து கொடுத்தபோது விவசாயிகள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கோதுமை அதிகம் விளைந்தது.

அதனால்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒரு வறட்டு விதிமுறை. 2018-இல் கம்புக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் ஒரு முடிவெடுத்தது. இனி வெளியிடப்படும் கம்பு ரகம் எதுவானாலும் கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்க வேண்டும். 71 எங்கே, 42 எங்கே என்று தோன்றலாம். ஆனால் 71 ஒரு நல்ல ரகம், 42 ஒரு கதவு. அதைத் தாண்டாத எதுவும் உள்ளே வராது. எங்கள் வேலையில், டெஸ்ட் பாஸ் ஆகாத கோடு மெயின் கிளைக்குள் போகாது. இரும்பு முதல்முறையாக டாஷ்போர்டில் ஏறிய இடம் அது. எந்த அம்மாவின் போனிலும் அலாரம் அடிக்காது, யாருக்கும் தெரியாது.

*

அம்மாவைக் குணப்படுத்தியது கம்பு இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார், எலுமிச்சை ஜூஸோடு. டீயை இரண்டு மணிநேரம் தள்ளி வைத்தோம். கட்டிக்கு வைத்தியம் நடந்தது. என் மனைவி இன்னொன்று செய்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் அம்மாவை, முதல் பந்தியில் உட்கார வைத்தாள். அதற்குத்தான் பெரிய சண்டை. "நான் அப்பறம் திங்கேன்" என்று எழுந்து எழுந்து போவாள். விதையில் எவ்வளவு ஏற்றினாலும், கீரையும் பருப்பும் தீர்ந்த பிறகு தட்டெடுக்கிறவளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அந்த டீஃபால்டை மாற்றும் ஆராய்ச்சி நிலையம் பட்டான்செருவில் இல்லை.

ஐந்து மாதத்தில் 11.2. பச்சரிசி தின்பது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் அந்தச் சத்தம் வீட்டில் இல்லை என்று தெரிந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தோம். மகளுக்கு இப்போது ஆறு வயது. அம்மா திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசி புடைக்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். கறுக், கறுக். பக்கத்து வீட்டு மதினி சிரித்துக்கொண்டே, "ஏட்டி, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்" என்றாள்.

அம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எய்யா, இவளுக்கு ஒருக்கா ரத்தம் பாரு."